பாயும் மிருகத்துக்கு எலும்பு வைத்தது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மேடவாக்கத்தில் ஒரு அனிமேஷன் கம்பெனி, ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று என்னை எடுத்திருந்தது. மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் செய்த ஒரு மிருகத்தைக் கொடுத்தார்கள். ஓநாய் உடம்பு, முதலை வாய். அதற்குள் எலும்புகளைப் பொருத்தி, எந்த எலும்பு அசைந்தால் எந்தத் தோல் அசைய வேண்டும் என்று கட்டிவிட்டு, ஒரு ஆளை அடிக்கப் பாயும் நிலையில் நிறுத்த வேண்டும். திங்கட்கிழமை அது தேறினால் வேலை, இல்லாவிட்டால் வீட்டுக்கு.

அதுவரை நான் எதற்கும் எலும்பு வைத்ததில்லை. முதல் முறை தொடையைத் திருப்பியபோது வயிறும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் கண் கிழிந்தது. மூன்று நாள் திட்டித் திட்டியே தோலைச் சரிசெய்தேன். ஆனால் பாய்ச்சல் மட்டும் வரவில்லை. எங்கள் டீமை நடத்தும் அக்கா பார்த்துவிட்டு, "இது அடிக்கப் போற மாதிரி இல்லையே, வழி கேக்கப் போற மாதிரி இருக்கு. நீங்களே நடிச்சு வீடியோ எடுத்துப் பாருங்க" என்றார். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நடித்ததை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, உடம்பு எப்படி வளைகிறது என்று பார்ப்போம்.

அஸ்தினாபுரத்தில் என் அறையில் கூட இருந்தவன் மீனவக் குப்பத்துக்காரன், பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்பவன். ஞாயிறு சாயங்காலம் அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், தொட்டி மேல் போனைச் சாய்த்து வைத்தேன். நான் மிருகம், அவன் இரை. கீழே ஒரு பழைய பாய்.

நாலு முறை பாய்ந்தேன். நாலு முறையும் சிரித்தான்.

"இன்னா மச்சான், சோறு துன்னியா இல்லியா? பூனைகூட இத்த விட நல்லா குதிக்கும்."

ஐந்தாவது முறை நான் தயாராகும்போது, "உனுக்கு இந்த வேல செட் ஆவாது, வுட்டுடு" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

பாய்ந்தேன். அவன் பாயைத் தாண்டிப் போய் விழுந்தான். உதடு கிழிந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில், "கால் வழுக்கிடுச்சு டாக்டர்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.  திரும்பும்போது ஆட்டோவில் அவன், "வீடியோ வந்துச்சா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்லடா, போன் ஆஃப் ஆயிடுச்சு."

வந்திருந்தது. திங்கட்கிழமை காலை கம்பெனியில் அதை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். ஒரே அடிதான், அதுவும் கை தவறிப் பட்டது என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். முதல் அடியிலேயே அவன் விழுந்துவிடுகிறான். போதும் என்று உள்ளங்கையை விரிக்கிறான். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு அடி அடிக்கிறேன். கடைசி அடி, விரித்த அந்தக் கையின் மேல், சிமெண்டுத் தரையோடு சேர்த்து விழுகிறது.

 அந்தக் கடைசி அடிக்கு முந்தைய ஃபிரேமை நிறுத்திவைத்து, மிருகத்தின் எலும்புகளை ஒவ்வொன்றாக என் உடம்பைப் பார்த்துத் திருப்பினேன். ஊன்றிய பின்னங்கால், முறுக்கிய இடுப்பு, ஓங்கிய முன்னங்கால், திறந்த தாடை. மத்தியானம் அக்கா வந்து பார்த்து, "இப்பதான் உயிர் வந்திருக்கு" என்றார். வேலை கிடைத்தது.

அறைக்குத் திரும்பியதும், மாவுக்கட்டுக் கையோடு உட்கார்ந்திருந்தவன், "உன் மிருகத்த காட்டு மச்சான்" என்றான். மறுக்க முடியவில்லை. அதே போனில் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். ஓங்கிய முன்னங்காலை இடது கை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு போனை என்னிடம் நீட்டினான்.

"போன் ஆஃப் ஆவல போல கீது."