ராஜிக்குத் தோதான இடம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ராஜி முதன்முறையாகத் தூண்டில் போட்டாள். சிவப்புத் தக்கை தண்ணீரில் இரண்டு தரம் துள்ளியது. சட்டென்று உள்ளே போனது.

"இழு... இழு!" என்று கத்தினேன்.

"எதைங்க?" என்றாள். சிரித்த முகத்தோடு, தக்கை இல்லாத பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தடி தூரம்கூட இருக்காது. அவளுக்குத் தெரியவில்லை.

இந்தப் பத்திரிகைப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ராஜியைத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் டொக்டர் ஒருவர் என் பிரஷரைப் பார்த்து மிரண்டு, ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னதையும், நான் தூண்டிலும் கையுமாகக் கிளம்பியதையும் இங்கேதான் எழுதினேன். பிடிக்கிற மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். சும்மா உட்கார்ந்திருக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான். ராஜிக்கு அது புரியவே இல்லை.

"திங்கிறதுக்கு இல்லாட்டி அத ஏங்க புடிக்கணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே!"

அப்படிச் சொன்னவள்தான் ஒரு மாதம் கழித்து, "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள்.

நான் என்ன செய்தேன்? உங்களைக் கேட்டேன். தூண்டிலைத் தொட்டே பார்க்காத ஒருத்தி நிம்மதியாக உட்கார்ந்து மீன் பிடிக்கக் கண்டியைச் சுற்றி எங்கே இடம் இருக்கிறது? வழுக்கக் கூடாது. நிழல் வேண்டும். ஆத்திர அவசரத்துக்குப் போக ஒரு வீடாவது பக்கத்தில் இருக்க வேண்டும். போத்தலோடு வந்து கூத்தடிக்கிறவர்கள் இருக்கக் கூடாது... எத்தனை பேர் பதில் எழுதினீர்கள்! நாவலப்பிட்டி வாசகர் ஒருவர் கையால் படமே வரைந்து அனுப்பியிருந்தார். எந்தக் கல்லில் பாசி, எந்தக் கல்லில் இல்லை என்றுகூட அதில் குறித்திருந்தார்.

மன்னியுங்கள். உங்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன்.

மூன்றாவது வாரமே எனக்கு இடம் கிடைத்துவிட்டது. தெல்தெனியவுக்கு அந்தப் பக்கம், நீர்த்தேக்கம் மடங்கி உள்ளே வருகிற ஒரு மூலை. புல்தரை. பெரிய மாமரம். இரண்டு பேர் கால் நீட்டி உட்காரக்கூடிய தட்டையான பாறை. கரையோரத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ரோட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் போதும், அதுவும் சமதரை. மேலே ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் பாரூக் நானாவின் வீடும் அதோடு ஒட்டியபடிதான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொன்னேன் தெரியுமா?

"தெல்தெனியப் பக்கம் சரிவராது ராஜி. ஒரே செங்குத்து. அட்டை வேற."

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்கிற வேலை எனக்கு. வீட்டுக்கு வந்தால் ராஜி. ராஜி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். பக்கத்து வீட்டுக் கூரை, பஸ்ஸில் பார்த்த பெண்ணின் சேலை, மகள் போனில் சொன்னது, சொல்லாமல் விட்டது... எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணி நேரமாவது அவள் குரல் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பிறகு பொய் பழகிவிட்டது. பிலிமத்தலாவைப் பக்கம் போனேன், ஆற்றில் லொறி கழுவுகிறார்கள் என்றேன். நாவலப்பிட்டியில் பாறையெல்லாம் பாசி என்றேன். படம் வரைந்து அனுப்பியவரே, நீங்கள் காட்டிய பக்கம் நான் எட்டியும் பார்க்கவில்லை. எல்லா ஞாயிறும் மாமரத்தடியில்தான் இருந்தேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? நான் அவளுக்காக இடம் தேடி அலைகிறேன் என்று நம்பினாள். விடிய எழும்பிக் கட்டசம்பல் இடித்து, பாணுக்குள் வைத்துச் சுற்றித் தருவாள். "எனக்காக இப்புடி வெயில்ல அலையுறீங்களே... கெடைக்காட்டி விட்டுருங்க" என்பாள். நான் பெரிய மனது பண்ணி, "பரவால்ல, தேடுவோம்" என்பேன்.

இதற்கிடையில் அவளுக்குச் சீனி வருத்தம் கூடியது. கண்ணில் இறங்கியது. கிளினிக், லேசர், சொட்டு மருந்து. ஊசிக்கு நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். பிறகு பஸ் போர்டை வாசிக்கச் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன் கண் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இருக்கிறதைக் காப்பாற்றத்தான் பார்க்கலாம், போனது திரும்பாது என்றார். அவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே வர, அவளே பஸ்ஸில் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்ங்க. இனி என்னத்தப் பாக்கப் போறேன்... ஒன்னே ஒன்னு. அந்த மீன் புடிக்கிற எடம் எங்கயாச்சும் கெடச்சா, ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

ஆறு வருடம் கழித்தும் நான் தேடிக்கொண்டிருப்பதாகவே நினைத்திருக்கிறாள்!

"கெடச்சிருச்சு ராஜி" என்றேன்.

"மெய்யாவா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருந்தும் கிளினிக்குமாக நாள் தள்ளிப்போய், ஒருவழியாகப் போன ஞாயிறு கிளம்பினோம். என்ன ஆரவாரம் என்கிறீர்கள்! மகள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலை. பிளாஸ்க்கில் பிளேன்டீ. பாய், குடை. "கல்யாணத்துக்கா போறோம்?" என்று கேலி செய்தேன். "மொத மொதல்ல போறேன், மீனு நம்மள மதிக்க வேணாமா?" என்றாள்.

தெல்தெனியவில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். புல்தரையில் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். "அட, ஒரு மேடு பள்ளம் இல்லியே! இப்புடி எடத்த எங்க இருந்து தேடிக் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பாணைப் பிசைந்து உருண்டையாக்கி, கொக்கியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். விரலாலேயே தடவிப் பார்த்துச் சரியாக வைத்தாள். "முருகா!" என்று சொல்லி வீசினாள். அப்போதுதான் தக்கை மூழ்கியதும், நான் கத்தியதும், அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததும்.

ஆனால் கை சும்மா இருக்குமா? தடி உதறியது. "ஐயையோ, யாரோ இழுக்குறாங்க!" என்று எழும்பிவிட்டாள். இழுத்தோம். உள்ளங்கை அளவு திலாப்பியா ஒன்று வந்தது. கொக்கியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். செதிலைத் தடவினாள். "குளுகுளுன்னு இருக்குங்க... பாவம், துடிக்குது. விட்டுருவோம்." நானே அவளைக் குனியவைத்தேன். விட்டாள். நனைந்த கையை முகத்தருகே கொண்டுபோய், முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பல மாதம்.

மேலேயிருந்து பாரூக் நானா இறங்கி வந்தார். இரண்டு கிளாஸ் தேத்தண்ணி கையில். நல்ல மனிதர், கள்ளம் தெரியாதவர்.

"வாங்க சேர்! போன கெழம காணயே? இது வீட்டுல உள்ளவங்களா? அப்பாடா, இப்பயாவது கூட்டிக்கிட்டு வந்தீங்களே!"

நான் கண்ணைக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

"தங்கச்சி, சேர் ஆறு வருஷமா இந்தக் கல்லுலதான் ஈப்பாரு. மழ பேஞ்சாலும் ஒரு ஞாயித்துக்கெழம தவற மாட்டாரு. எப்பயும் செல்லுவாரு, 'நானா, கண்டியச் சுத்தி இதவிட நல்ல எடம் இல்ல, ஒன்னும் தெரியாதவங்களுக்குக் கூடப் பயமில்லாம படிச்சுக் குடுக்கலாம்'ன்டு."

ராஜி தடியைப் பிடித்தபடி இருந்தாள்.

"எத்தன வருஷம்னு சொன்னீங்க நானா?"

"ஆறு வருஷம் ஈக்கும் தங்கச்சி."

"அப்புடியா" என்றாள். தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள். நல்லாயிருக்கு என்றாள். நானா சந்தோஷமாக மேலே ஏறிப் போனார்.

வெகுநேரம் பேசவில்லை. ராஜி பேசவில்லை! ஆறு வருடம் நான் ஆசைப்பட்ட அமைதி அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகக் கிடைத்தது. உட்கார முடியவில்லை.

கடைசியில், "மல எந்தப் பக்கங்க?" என்று கேட்டாள்.

அவள் முகத்தை மெதுவாகத் திருப்பிவிட்டேன்.

"என்ன நெறம்?"

"கிட்ட உள்ளது பச்சை. அதுக்குப் பின்னால நீலம். அதுக்கும் பின்னால மேகமா மலையான்னு தெரியல."

"தண்ணி?"

சொன்னேன். எதிர்க்கரை மரம், நடுவில் பட்டுப்போன ஒரு கிளை, அதில் உட்கார்ந்திருந்த நீர்க்காகம், எல்லாம் சொன்னேன். போன வருடம் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அவளே பார்த்திருப்பாள். அவள் பார்த்துச் சொல்லியிருந்தால், நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த நீர்க்காகத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசியிருப்பாள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அதைச் சொன்னாள். கோபமே இல்லை.

"நல்ல எடங்க. தனியா இருக்கத் தோதான எடம்."

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் மடியில் கையை வைத்து, "எறங்கிற எடம் வந்தா சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு சங்கடம். நான் எழுதுவதை அனுப்புவதற்கு முன் வாசித்துப் பார்க்கிற முதல் ஆள் ராஜிதான். பிழை பிடிப்பாள், அடித்து எழுதுவாள். எழுத்து தெரியாமல் போனதிலிருந்து நான் வாசித்துக் காட்டுகிறேன். இதோ, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்கிறாள்.

"இந்த வாரம் என்னத்தப் பத்திங்க?"

"மீன் புடிக்கிறதப் பத்தி."

"என்னையும் எழுதியிருக்கீங்களா?"

"ம்."

"அப்ப வாசிங்க, கேட்டுக்கிட்டே துருவுறேன்."

பொய் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவள் பேச்சு எனக்கு அலுத்துப் போனது என்று எழுதியிருக்கிறேனே, அந்தப் பந்தியை மட்டும் வாசிக்காமல் தாண்டிப் போய்விட்டால் என்ன? பேப்பரில் வந்தாலும் அவளால் படிக்கவா முடியும்?

பார்த்தீர்களா... இந்தப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.