முனிக்கு வலப்பக்கம்

எனக்கு வலது எது, இடது எது என்று சட்டென்று சொல்ல வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கார் ஓட்டும்போது மனைவி "லெஃப்ட்ல போங்க" என்றால், சோறு பிசையும் கை எது என்று மனத்துக்குள் ஒருமுறை பிசைந்து பார்த்து, அது இல்லாத பக்கமாகத் திருப்புவேன். அதற்குள் சந்திப்பு பின்னால் போயிருக்கும். அவள் பெருமூச்சு விடுவாள், ஏர்கோன் சத்தத்தையும் மீறி.

இப்படிப்பட்ட ஆள் ஓர் ஊருக்கு வரைபடம் வரையலாமா? வரைந்தேன். அதுவும் பேனரில். அதுவும் கலரில்.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சுக்கடையில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் போடுவேன். கண்ணீர் அஞ்சலி ஒன்றின் மூலையில் பலூன் வைத்து அனுப்பி, இறந்தவரின் மகன்கள் கடைக்கே வந்து என் சட்டைக் காலரைப் பிடித்த கதையும் உண்டு. ஆனால் அன்று விழுந்தது ஒரே ஓர் அறைதான். எங்கள் ஊர்க் கணக்கில் அது வணக்கம் சொல்வது போல.

எங்கள் ஊர் கிள்ளானுக்குப் போகும் வழியில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், ஓர் ஏரியை ஒட்டிக் கிடக்கிறது. போன் வரைபடத்தில் பார்த்தால் பெயரில்லாத ஒரு நீலப் பொட்டு. இரண்டு நகராண்மைக் கழகங்களின் எல்லை அந்தத் தண்ணீருக்குள்தான் எங்கேயோ ஓடுகிறதாம். எங்கே என்று மீனுக்குத்தான் தெரியும்.

அந்த ஏரியை இயற்கை உண்டாக்கவில்லை. அடித்து உண்டாக்கினார்கள். அங்கே முன்பு ஒரு குன்று இருந்தது. குன்றுக்குள் ஈயம் இருந்தது. பீரங்கி போன்ற குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக் குன்றின் வயிற்றைக் கிழித்தார்கள். மண் சேறாகி இறங்க, சேற்றிலிருந்து ஈயத்தைப் பிரித்தார்கள். குன்று போய்ப் பள்ளம் வந்தது. பள்ளம் ஆழமாக ஆழமாகச் சுவர் செங்குத்தாக நின்றது. ஒரு மழைக்காலத்தில் அந்தச் சுவர் அப்படியே சரிந்து, கீழே வேலை செய்துகொண்டிருந்த ஆட்களை வாயில் மண்ணோடு மூடிவிட்டது. எத்தனை பேர் என்பதில் இன்றுவரை தகராறு. பிறகு ஈயத்துக்கு விலை போனது, சுரங்கத்தை விட்டுவிட்டார்கள், பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

ஏரியை ஒட்டி இரண்டு குடியிருப்புகள். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் இருப்பது மேட்டுக்கரை. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், அவர்கள் கொட்டிய மணலின் மேலேயே வீடு கட்டிக்கொண்டது மணல்கரை. நடுவில் முனி. ஏரிக்கு முதுகைக் காட்டி, வலது கையில் அருவாளை ஓங்கி உட்கார்ந்திருக்கிறார். சரிவில் செத்தவர்களின் ஆவி அடங்கட்டும் என்று வைத்த முனி அவர். அவருக்கு வலப்பக்கம் மேட்டுக்கரை, இடப்பக்கம் மணல்கரை.

ஆண்டுக்கு ஒருமுறை முனிக்கு ஓர் ஆடு. அருவாள் ஓங்கிய பக்கத்தவர்கள்தான் வெட்ட வேண்டும், ஒரே வெட்டில், சூரியன் உச்சிக்கு வருமுன். தவறினால் கத்தியும் வெட்டும் உரிமையும் மறுகரைக்குப் போய்விடும். ஆட்டின் தலை வெட்டியவன் வீட்டுக்கு.

அந்தக் கத்தி என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன், மேட்டுக்கரைக்காரன்; பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து நாற்காலி. சரிவில் புதைந்தவர்களைக் கையால் தோண்டி எடுத்தவர் அவனுடைய கொள்ளுத்தாத்தா என்பதால் அவர்கள் வீட்டுக்கு அந்த உரிமை. மற்ற நாளெல்லாம் மச்சான் லோரி ஓட்டுகிறான், யாராவது ஹார்ன் அடித்தால்கூட ஒதுங்கி வழிவிடுவான். அந்த ஒரு நாள் மட்டும் மஞ்சள் வேட்டி கட்டி, பாராங் கத்தியைத் தோளில் சாய்த்து நடந்து வரும்போது அவனே வேறு ஆள்.

ஆட்டைப் பிடிக்க ஒருவன் வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் நான் போனதில்லை. மச்சானின் அப்பா காலத்தில் குறி கொஞ்சம் பிசகி, பிடித்தவனின் கட்டைவிரல் ஆட்டுத்தலையோடு சேர்ந்து விழுந்தது. ஆகவே பூசை நாளில் மைக் பிடிப்பது என் வேலை. மைக்கை யாரும் வெட்டுவதில்லை.

இந்த ஆண்டு கோயில் கமிட்டி என்னிடம், "ஊரு வரலாற ஒரு பேனர்ல போட்டுக் கொடுங்க தம்பி" என்றது. எனக்குத் தலை கால் புரியவில்லை. நீலத்தில் ஏரி, பச்சையில் தோட்டம், நடுவில் நம்மைப் பார்த்தபடி முனி. வலப்பக்கம் மேட்டுக்கரை என்று என் சோத்துக்கைப் பக்கம் எழுதினேன். இடப்பக்கம் மணல்கரை. முனி என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அவருடைய வலது என்னுடைய இடது என்பது எனக்கு உறைக்கவேயில்லை. பேனரில் அருவாள் மணல்கரையின் தலைக்கு மேல் ஓங்கி நின்றது.

பூசையன்று அதை முதலில் பார்த்தவர் மணல்கரை இரும்புக்கடைக்காரர். பழைய இரும்பை எடைபோட்டு எடைபோட்டு அவர் கையே இரும்பாகியிருந்தது.

"அட, வாங்க பாஸ், எல்லாரும் வந்து பாருங்க. முனி அருவாள எங்க பக்கம்லா காட்டுறாரு."

மச்சான் பாராங்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அது என் மச்சான் போட்ட பேனரு அண்ணே. அவன அவன் வீட்டுக்கே வழி கேட்டாலும் தப்பாத்தான் சொல்வான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு முடிந்திருக்கலாம்.

"தப்போ சரியோ, அச்சுல வந்திருச்சு," என்றார் இரும்புக்கடைக்காரர். இப்போது அவர் சிரிக்கவில்லை. "பொதஞ்சவன் எங்க ஆளு. எங்க ஆளு செத்ததுக்கு வச்ச முனி. ஆட்டுத்தல மட்டும் தலமொற தலமொறையா உங்க வீட்டுச் சட்டியில வேகுது. என்னா நியாயம்லா இது?"

"தோண்டி எடுத்தது யாருண்ணே? நாய் நரி இழுக்காம எடுத்தது யாரு?"

"கூலிக்குத் தோண்டினான்."

அந்தச் சொல் விழுந்ததும் மச்சானின் பாராங் பிடித்த முஷ்டி அவருடைய காதில் இறங்கியது. காது மடல் பாதி பிய்ந்து தொங்கியது. வெள்ளைச் சட்டைத் தோள் சிவந்தது. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. தேங்காய் உடைக்கும் கல்லில் ஒருவனின் நெற்றி மோதி, தேங்காயைவிடச் சுத்தமாகப் பிளந்தது. அவன்தான் ஆடு பிடிக்கிறவன். குழம்பு அண்டா கவிழ்ந்து, வெந்த காலோடு இரண்டு பேர் ஏரிக்குள் குதித்தார்கள். உதவிக்கு வர வேண்டியவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

நான் மைக்கில் "அமைதி, அமைதி" என்று கத்தியபடி, நிறுத்துங்கள் என்று கையை ஆட்டினேன். உருமி மேளக்காரர்கள் ஆரம்பிக்கத்தான் சொல்கிறேன் என்று முழக்கத் தொடங்கினார்கள். அதுவரை கண்டபடி அடித்துக்கொண்டிருந்தவர்கள் தாளத்தோடு அடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி விழுந்தது, முதுகில். ஓடுகிறவனுக்கு வேறெங்கே விழும்?

திரும்பிப் பார்த்தபோது கூடாரத்தின் இரும்புக் கம்பியை யாரோ ஒருவன் பிடுங்கி வீசினான். அது மச்சானின் வலது மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். பாராங் மணலில் விழுந்தது. கை, மணிக்கட்டுக்குக் கீழே, அவனுடையதல்லாதது போல் தொங்கியது.

உருமி நின்றது. ஆடு முனியின் பீடத்தில் ஏறி அவருடைய மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

இரும்புக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரந்தான். உச்சிக்கு வரட்டும். அப்புறம் கத்தி எங்க கையில." குனிந்து பாராங்கை எடுக்கப் போனார். மச்சான் அதன் மேல் காலை வைத்து நின்றான். அவர் நிமிர்ந்தார். அவன் குனிந்து, முறிந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் அதை எடுத்தான். இடது கையால் அவன் தேநீர் கலக்கிக்கூட நான் பார்த்ததில்லை.

மேட்டுக்கரை ஆட்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கட்டைவிரலைப் பார்த்தார்கள். ஒருவன் செருப்பைத் தேடப் போனான். ஒருவனுக்குத் திடீரென்று போன் வந்தது. வட்டம் விரிந்து விரிந்து, நடுவில் மச்சானும் ஆடும் நானும் மட்டும் நின்றோம்.

நான் கிட்டே போனேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகப் பேசிய சில பேச்சுகளில் அது ஒன்று. "மச்சான், கை வீங்குது பாரு. வா, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். தப்பு என்னோடதுன்னு நானே மைக்ல சொல்றேன். பேனர நாளைக்கே மாத்தி அடிச்சுத் தரேன், காசே வேணாம். உனக்கு இடது கையில வெட்டிப் பழக்கமாவது இருக்கா?"

அவன் சூரியனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஆட்டப் பிடி."