இரத்தினவேலின் அகல ரயர்

இரத்தினவேலுக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும், அறிவைத் தவிர. கனடாவில், ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் கதவால் நுழையாத சோபாவை வாங்கிவந்து, அதைக் கீழே லொபியில் போட்டுவிட்டு முழித்தவன் அவன். அவனோடு பத்து வருடம் குடும்பம் நடத்திய மனைவி யோகராணிக்கு அவன் வண்டவாளம் அத்துப்படி.

தொண்ணூற்றாறில் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினான். தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே நீண்ட பாதை. அதில் மாரியில் விழும் சினோவை, வெண்பனியைத் தள்ளவென்று, முன்னால் தகடு பூட்டிய பழைய ஏ.ரி.வி என்ற நாலு சில்லு வண்டி ஒன்றும் வாங்கினான். நாலு ரயரும் தேய்ந்து மொட்டை.

புது ரயர் வாங்க அவளும் கூடப் போனாள். ஒடுக்கமான ரயர்தான் சினோவை வெட்டி இறங்கித் தரையைப் பிடிக்கும், காற்றும் குறைவாக அடிக்க வேண்டும் என்று கனடியக் கடைக்காரன் பொறுமையாகச் சொன்னான். இவன் கண்ணோ சேற்றுக்கான அகல ரயரிலேயே நின்றது.

"உது என்ன, சூம்பின கால் மாதிரி? கொண்ணை பாத்தால் சிரிப்பார்" என்றான். அவளுடைய அண்ணன் ஸ்ரீஸ்கந்தராசா பிறம்ரனில் ட்ரக் ஓட்டுபவர்.

"அந்த மனிசன் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோவன்."

"அவனுக்கு என்னடியப்பா தெரியும்?"

சினோவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ஒன்றும் தெரியாதாம்! வீட்டுக்கு வந்ததும் அகல ரயர்களுக்குக் கார் ரயர்போலக் காற்றை இறுக்கி அடித்தான். பிறகு புதுவண்டிச் சடங்குபோல ஒவ்வொரு ரயருக்கு அடியிலும் எலுமிச்சந் தேசிக்காய் வைத்து ஏற்றினான். அந்த ரயர்கள் ஒழுங்காக மிதித்தது அந்தத் தேசிக்காய்களை மட்டும்தான்.

தையில் புதுவீட்டுக்குக் குடிபூரல். நல்லநேரத்தில் பால் பொங்கும்போது தன் சனம் எல்லாம் சுற்றி நிற்க வேண்டும். யோகராணி ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அன்று விடிய முழங்கால் அளவு சினோ. "சனம் வரட்டும், பாக்கட்டும்" என்று அவன் வண்டியைத் தொடவேயில்லை. தெருவில் கார்கள் வரிசையாக நின்ற பிறகே ஏறி உட்கார்ந்தான். பாதி வழியில் ரயர்கள் சினோவுக்கு மேலே மிதந்து, சும்மா சுற்றி, வண்டியைக் குறுக்கே திருப்பிச் சொருகின. பட்டுச் சேலைகளும் ஐயரும் தெருவோடு நின்றுவிட்டார்கள். அவளுடைய அண்ணன் சினோவுக்குள் இறங்கி வண்டியைத் தள்ளினார்.

நல்லநேரம் போய்க்கொண்டிருந்தது. யோகராணி கதவைத் திறந்து பார்த்தாள். அவன் இன்னும் ஆசனத்தை விட்டு இறங்கவில்லை.

"ரயரில பிழையில்லை மச்சான்! உந்தச் சினோதான் சரியில்லை!" என்று தள்ளிக்கொண்டிருந்த அண்ணனிடம் கத்தினான்.

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, நல்லநேரம் முடியமுன் தானே அடுப்பை மூட்டினாள். பால் பொங்கி வழிந்தது. சுற்றி நிற்க ஒருவரும் இல்லை. அவனைக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.