பிளாஸ்க்கில் வந்த ரத்தம்

பெரம்பலூருக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எலும்புப் புற்றுநோய் செல்களை வளர்ப்பது என் வேலை. சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், வளர்ப்பதற்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்பார்கள். என் அக்கா வீட்டுக்காரர் மட்டும்தான் விடாமல் விவரம் கேட்பார். எறையூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர். அவருக்கு ஒருமுறை பொறுமையாகச் சொன்னேன். உடம்பின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். அவற்றைச் செய்வதற்கான குறிப்பைச் சுமந்து போவது ஆர்.என்.ஏ. ஆனால் எந்தப் புரதத்தையும் செய்யாத ஆர்.என்.ஏ.க்களும் ஏராளமாக இருக்கின்றன. முன்பெல்லாம் அவற்றைக் குப்பை என்று ஒதுக்கினார்கள். உண்மையில் அவை சர்க்கரை மில்லிலிருந்து வரும் கட்டிங் ஆர்டர் மாதிரி. அந்தத் தாளில் சர்க்கரை கிடையாது, ஆனால் எந்த வயலில் எப்போது வெட்டு என்பது அதில்தான் இருக்கிறது. அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் உடம்புக்குள்ளேயும் ஆர்டர் லேட்டாகத்தான் வருமா என்று கேட்டார்.

புற்றுச் செல்களில் இப்படிப்பட்ட ஆர்டர்கள் சில தாறுமாறாகப் பெருகுகின்றன. அவற்றில் ஒன்றின் பின்னால்தான் நாங்கள் அலைந்துகொண்டிருந்தோம். தட்டில் செல்கள் நிறைந்ததும் நடுவே ஒரு கோடு கீறுவோம். இரண்டு பக்கமிருந்தும் செல்கள் ஊர்ந்து வந்து அந்த இடைவெளியை மூடும். நாங்கள் பார்த்த ஆர்.என்.ஏ.வை அடக்கிவிட்டால் அந்த ஊர்தல் மந்தமாகிவிடும். எலும்பில் தோன்றிய புற்று நுரையீரலுக்குப் போவதில் இதற்குப் பங்கு இருக்கலாம் என்றும், ரத்தத்திலும் தென்படுவதால் எதிர்காலத்தில் ஒருவேளை நோயைக் கண்டறிய உதவலாம் என்றும் எழுதினோம். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அது ‘ஒரு சொட்டு ரத்தம் போதும்’ என்று வந்தது. என் ‘ஒருவேளை’ எங்கே போயிற்று என்று நிருபரிடம் சண்டை போட்டேன். இடம் இல்லை சார் என்றார்.

அதே ஆண்டில் அக்கா மகளுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வலி வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கபடி ஆடுகிறவள் என்பதால் சுளுக்கு என்று முடிவு கட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் ஒருவரிடம் அழைத்துப்போய் நாட்டுக்கட்டு போட்டார்கள். கட்டை அவிழ்த்த பிறகு எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லியிருந்தார் அவர். தினமும் சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் அவள் அப்பாவே உட்கார்ந்து உருவிவிட்டார். வீக்கம் இறங்கவில்லை. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர், திருச்சிக்குப் போய் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார். அக்கா போனில் அழுதாள். படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். தெரிந்தவர்களைப் பிடித்து உடனே தேதி வாங்கிக் கொடுத்தேன்.

தேதியன்று அவர்கள் திருச்சிக்குப் போகவில்லை. என் ஆய்வகத்துக்கு வந்து நின்றார்கள். அக்கா வீட்டுக்காரர் கையில் ஒரு பிளாஸ்க். டவுனில் ஒரு லேபில் மகளின் ரத்தத்தை எடுக்கச் சொல்லி, அந்தக் குழாயை ஐஸில் புதைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“ஊசி, கத்தி பட்டா பரவிடும்ங்கறாங்க மாப்ள. நம்ம வூட்லயே ஆளு இருக்கறப்ப எதுக்குக் குத்தணும்? பேப்பர்ல போட்ட மாதிரி நீங்களே பாத்துச் சொல்லிடுங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. இந்த ரத்தத்தை வைத்து அவளுக்கு இருக்கிறது என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது என்றேன். அவருடைய பயம் வெறும் மூடநம்பிக்கையும் அல்ல; ஊசி போன வழியில் சில புற்றுச் செல்கள் தங்கிவிடக்கூடும். அதனால்தான் பின்னால் கட்டியை எடுக்கப்போகிற டாக்டரே ஊசி போகிற வழியை முடிவு செய்கிறார், கட்டியோடு அந்த வழியையும் சேர்த்து எடுத்துவிடுகிறார். இதையும் சொன்னேன். அவர் பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காது குத்தியதிலிருந்து சடங்கு வரைக்கும் தாய்மாமனாக முன்னால் நின்றவன் நான். இதற்கு மட்டும் கைவிரிப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள்தான் பேசினாள்.

“ரத்தம் சொல்லாது, ஊசி சொல்லும். அதானே மாமா? அப்பா, வாங்க போலாம். எனக்கு வலி தாங்கல.”

அன்றைக்கே காரில் கிளம்பினோம். ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று உறுதியாயிற்று. அதற்கடுத்து எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. முதலில் மருந்து, பிறகு எலும்பை எடுத்துவிட்டு உலோகம், நடுவில் அந்தப் புள்ளி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். இதை எழுதும்போது அவள் உலோகம் பொருத்திய அந்தக் காலோடு நடந்து பழகிக்கொண்டிருக்கிறாள். புள்ளி சுருங்கியிருக்கிறது, போய்விடவில்லை.

புள்ளியைப் பற்றி முதலில் கேள்விப்பட்ட அன்று, திருச்சியிலிருந்து திரும்பும் வழியில் பாடாலூரில் டீ குடிக்க நிறுத்தினோம். அக்காவும் மகளும் காருக்குள்ளேயே தூங்கிவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் டீயைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை.

“நான்தானே உருவிவுட்டேன் மாப்ள. வலிக்குதுப்பான்னு சொல்லுவா. பொறுத்துக்க சாமின்னு இன்னும் அழுத்தி உருவுவேன். அதனால நுரையீரலுக்குப் போயிருக்குமா?”

இப்படிப்பட்ட கட்டியை அழுத்தித் தேய்க்கவே கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறவன் நான். ஒரு தனி ஆளின் உடம்பில் எது எதனால் நடந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதையும் நானேதான் சொல்லித்தருகிறேன். ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால் அதில் நாலைந்து ‘ஒருவேளை’ வந்திருக்கும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க மாமா. அதனால இல்ல.”

“லேபுல பாத்ததா?” என்று கேட்டார்.

“பாத்ததுதாங்க,” என்றேன்.