பருத்திமார் விரித்த வழி

தொண்ணூறுகளின் நடுவில், அப்பாவின் அக்காளான அத்தையும் மாமாவும் நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம், பருத்திக் காட்டுக்குள் தனி வீட்டில் இருந்தார்கள். கரண்டு கிடையாது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைத்துக் குடித்தார்கள். இருவருக்கும் அறுபது தாண்டியிருந்தது. கோவில்பட்டியில் ஃபேனுக்கடியில் வளர்ந்த எனக்கு, லீவு என்றால் அந்த வீடுதான்.

ஒரு தீபாவளி லீவில் நான் அங்கே இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. விட்டபாடில்லை. ஒருநாள் காலையில் மாமாவுக்கு மூச்சு இரைத்தது, பேச முடியவில்லை. தார்ரோட்டுக்குப் போனால்தான் பஸ். கரிசல் மண்ணோ பசையாகக் கிடந்தது. மாட்டுவண்டி வாசலைத் தாண்டுமுன்பே அச்சுவரை இறங்கிவிட்டது.

அத்தை வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பெரிக்கவென்று அடுக்கிவைத்திருந்த பருத்திமாரை, பஞ்செடுத்தபின் பிடுங்கிக் காயவைத்த செடிகளை, கட்டுக்கட்டாக இழுத்துவந்து சேற்றில் விரித்தாள். மாமாவைத் தோளில் சாய்த்து அதன்மேல் நடத்தினாள்.

"ஏட்டி, பின்னால கெடக்கத எடுத்து முன்னால போடு!"

எடுத்துப் போட்டேன். மண் அப்பி ஒவ்வொரு தடவையும் கட்டு கனத்தது. பாதி வழியில் மாமா நின்று, விட்டுவிடு என்பதுபோல் கையை அசைத்தார்.

"வீட்டுல கெடந்து இரைக்கதுக்கு, ரோட்டுல போயி இரைங்க. வாங்க," என்றாள் அத்தை. மாமாவுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, எப்படியோ கால் நகர்ந்தது. ரோட்டில் கண்டக்டர் இறங்கி அவரைத் தூக்கி ஏற்றினார்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் மாமா தேறினார். இனி இருவரும் நம் வீட்டில்தான் என்று முடிவுசெய்த அப்பா, முன்னறையில் கட்டில்கூடப் போட்டுவிட்டார். ஒரு வாரம்போல இருந்துவிட்டு அத்தை பையைக் கட்டினாள்.

"இந்த வயசுல அங்கன போயி என்னக்கா செய்யப்போறீங்க? மறுபடி மழை வந்தா?"

"பருத்திமார் இன்னும் கெடக்குலே. இங்கன தண்ணி மோந்து குடிக்கப் போனாலும் 'நீங்க உக்காருங்க'ன்னு ஒம் பொண்டாட்டி ஓடியாரா. நல்ல பிள்ளதான். ஆனா உக்காந்தே இருந்தா நாங்க கெழடாயிருவோம்."

ஆதரவு தேடி அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அதற்குள் செருப்பைப் போட்டிருந்தார்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அப்பா கோபமாக இருப்பார் என்று பயந்து, கொஞ்சம் தள்ளியே நடந்தேன். அவரோ வழியில் கண்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடம்கூட, "எங்க அக்கா காட்டுக்கே திரும்பிப் போயிட்டாவ," என்று சொல்லிக்கொண்டு வந்தார். பேச்சில் தோற்றுப்போன மனிதருக்கு முகத்தில் ஏன் அவ்வளவு பெருமை என்று எனக்கு விளங்கவேயில்லை.