ஒரு கைப்பிடிக் கொசுறு

பஞ்சை எடை போட்டபின் ஒரு கைப்பிடி அள்ளிக் கூடப் போடாவிட்டால் மெத்தைக்காரம்மாவுக்கு மனசு ஆறாது. புருஷன் போன பிறகு தனியாளாகக் கடையை நடத்துகிறவள். கொசுறு போடும் அந்தக் கைக்காகவே ஜனம் தேடி வந்தது. மகன் விஷயத்தில் அதே கைதான் அவளைக் கவிழ்த்தது. அவனுக்கு எடையே கிடையாது, எல்லாம் கொசுறு.

முப்பத்தைந்து வயதான அந்த மகனுக்குத் தெருவில் 'முதலாளி' என்று பேர். மீன்தொட்டிக் கடை வைத்தான், மீனெல்லாம் செத்தது. செல்போன் உறை விற்றான். உறை மிஞ்சியது, போன்தான் மாடல் மாறிப்போனது. வாடகைக்குச் சைக்கிள் விட்டான். போன சைக்கிள் போனதுதான். ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் வந்து நிற்பான். "பணம் இல்லடா" என்பாள். சொல்லிவிட்டு, எந்தத் தலையணைக்குள் பணத்தை வைத்துத் தைத்திருக்கிறாளோ அதன்மேலேயே போய் உட்காருவாள். பொய் சொல்லும் லட்சணம் அவ்வளவுதான். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிப்பான். பொழுது சாய்வதற்குள் அவளே தையலைப் பிரித்துவிடுவாள்.

இந்தத் தடவை ஜூஸ் கடை. அதே வாரம்தான் பஞ்சு அடிக்கும் மெஷினின் மோட்டார் புகைந்து நின்றிருந்தது. தலையணைக்குள் இருந்தது புது மோட்டாருக்கான காசு. அதுவும் போனால் கடைக்குப் பூட்டு. கட்டிக்கொடுத்த மகள் வீட்டு மூலையில், அவர்கள் போட்டதைத் தின்றுகொண்டு கிடக்கவேண்டியதுதான்.

"கடைசித் தடவைம்மா."

"போன தடவையும் அதாண்டா கடைசி."

"இல்லன்னு சொல்லப்போற, அதானே?"

அவள் எழுந்தாள். உட்கார்ந்திருந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"இருக்கு. தரமாட்டேன்."

'இல்லை' என்பதைக் கரைக்கத் தெரிந்தவனுக்கு இதை எங்கே பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை.

"பெத்த புள்ளைகிட்டயே கணக்குப் பாக்குறியா?"

"ஆமா, பாக்குறேன். சோறு எப்ப வேணாலும் வந்து தின்னு. படுக்கணுமா, பாய் இருக்கு. காசு மட்டும் இனிமே கேக்காத."

"அப்ப உன் சோறும் வேணாம்!"

"வேணாட்டிப் போ. எனக்கு ராத்திரிக்கு ஆச்சு."

செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனான். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் தலையை நீட்டினார். "என்னக்கா, மனசு இப்படிக் கல்லாயிடுச்சு?"

"உன் மனசு பஞ்சுதானே, நீ குடேன்."

நீண்ட தலை உள்ளே போய்விட்டது.

மறுநாளே மோட்டார் வாங்கிப் போட்டாள். மெஷின் ஓடியது. தினமும் மத்தியானம் மகனுக்கென்று ஒரு தட்டுச் சோற்றை மூடி வைத்தாள். சாயங்காலம் அதைத் தானே தின்றாள். ஒருநாள் அழுதுகொண்டே ஒரு மெத்தையைத் தைத்து முடித்தாள். மெத்தை நன்றாகத்தான் வந்தது.

ரெண்டு மாசம் கழித்து வாசலில் ஒரு லோடு வண்டி வந்து நின்றது. கட்டில் பீரோ விற்கும் கடையின் வண்டி. ஓட்டிவந்தவன் முதலாளி, மாசச் சம்பளத்துக்கு. சட்டையெல்லாம் மரத்தூள்.

"ஒரு தலையணை வேணும்மா. ரூம்ல வெறுந்தரையில படுக்குறேன்."

"சோறு?"

"அதுவும்தான். மொதல்ல இதுக்கு எவ்வளவு, சொல்லு."

'சும்மா எடுத்துட்டுப் போடா' என்பது அவள் நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டு முழு விலையைச் சொன்னாள். அவன் நோட்டை நீட்டினான். மீதியை வாங்கி, எண்ணிப் பார்த்துப் பையில் போட்டான். தன் மகன் சில்லறை எண்ணியதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

பஞ்சை எடை போட்டாள். அவன் உறையின் வாயை விரித்துப் பிடித்தான்.

"கொசுறு எனக்குக் கிடையாதா?"

"எல்லாருக்கும் போடுறது உனக்கும் உண்டு."

ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். அவன் உறையை மூடவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னொரு கை?"

"உறையக் குடுடா, தைக்கணும்" என்று சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தாள்.