ஓரின் சொன்னதில் மீதிப் பாதி

ஆர்லிஸ் பிரெக்கி காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைப்பாள். மதியத்துக்கு மேல் ஊர் வார இதழுக்குச் செய்தி எழுதுவாள். பத்தொன்பது வருடமாக இதுதான் அவள் வாழ்க்கை. அவள் கணவன் டிராக்டர் கவிழ்ந்து இறந்தபோது, அவன் குடித்திருந்ததாக நகரத்துப் பத்திரிகை ஒன்று எழுதியது. அவன் பீரைக்கூடத் தொடாதவன். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அவள் எழுத வந்தாள்.

அதனால் அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும், அச்சுக்குப் போகுமுன் அவர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவாள். தான் தப்பாகக் கேட்டிருந்தால் திருத்துவாள். சொன்னதை மாற்ற மட்டும் விடமாட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரின் லூத்தரன் கிறிஸ்தவ சபை இரண்டுபட்டு நின்றது. போதகர் நீல் ஹாகன் இன்னொரு ஆணோடு குடும்பமாக வாழ்கிறவர் என்பது தெரியவந்திருந்தது. அவரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. ஆர்லிஸும் அதே சபையைச் சேர்ந்தவள்தான். போதகர் இருக்க வேண்டும் என்பதே அவள் எண்ணம்.

முந்தின வாரக் கூட்டத்துக்கு டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். பால் பண்ணை வைத்திருக்கும் ஓரின் ஸ்டென்ஸ்ருட் எழுந்து, "அவர் கையால நான் திருவிருந்து அப்பம் வாங்க மாட்டேன்" என்றார். டிவியில் அவ்வளவுதான் வந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அந்த எழுபது வயது மனிதருக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். யாரோ அவருடைய தபால் பெட்டியை அடித்து நொறுக்கிவிட்டார்கள்.

ஆர்லிஸின் குறிப்பேட்டில் மீதியும் இருந்தது: "ஆனா அவர் வாசல்ல குவியற பனியை எப்பவும் போல நான்தான் தள்ளுவேன். அவரை அடிக்க எவனாவது வந்தா, முதல்ல என்னைத் தாண்டிப் போகட்டும்."

"அதைப் போடாதடி," என்றாள் வெர்னா. சமையலறையில் ஆர்லிஸோடு வேலை செய்பவள், நெடுநாள் தோழி. "அந்த ஆள் மேல எல்லாருக்கும் கோபம். எந்தப் பக்கம்னு தெரியாம இருந்தவங்ககூட நம்ம பக்கம் வந்துட்டாங்க. நீ எதுக்கு அவருக்கு வெள்ளையடிக்கிற?"

"அவர் சொன்னதைத்தானே எழுதுறேன்?"

"பாஸ்டர் தோத்தா அது உன்னாலதான். அப்புறம் காபின்னு என் வீட்டுப் பக்கம் வந்துடாத."

"உன் காபிக்கு வெந்நீரே தேவலை," என்று ஆர்லிஸ் சிரித்தாள். ஆனால் வெர்னா சொன்னது அவளுக்கு உறைத்தது.

ஓரினாவது சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போன் செய்தாள். வாசித்து முடித்ததும் அவர் கனைத்துக்கொண்டார்.

"முதல் பாதி போதும். மத்ததை எடுத்துடு."

"ஏன்?"

"எங்க ஆளுங்க இப்பத்தான் முதுகுல தட்டிக்கொடுக்கிறாங்க. இதைப் பார்த்தா ரெட்டை நாக்குக்காரன்னு சொல்வாங்க."

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப வரும்."

"பிடிவாதக்காரி! உன் புருஷன் எப்படித்தான் உன்னோட குப்பை கொட்டினானோ!"

"அவரைப் பத்தி எழுதினவங்க என்கிட்டக் கேக்கவே இல்ல, ஓரின். நான் உங்களைக் கேட்டுட்டேன்."

வியாழக்கிழமை இதழ் வந்தது. ஓரின் சொன்னது முழுசாக இருந்தது. கடைத்தெருவில் இரண்டு தரப்பும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீட்டுகளை எண்ணி முடித்தார்கள். போதகர் இருக்க வேண்டும் என்று எழுபது பேர், போக வேண்டும் என்று எழுபத்து நான்கு பேர். ஆர்லிஸ் எழுதியதால் எத்தனை பேர் மனம் மாறினார்கள், யாராவது மாறினார்களா என்பது அவளுக்குத் தெரியாது. இனி ஒருபோதும் தெரியப்போவதும் இல்லை. எண்களைக் குறித்துக்கொண்டாள்.

வாசலில் வெர்னா வழிமறித்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"திருப்திதானா உனக்கு?"

"இல்ல." ஆர்லிஸ் குறிப்பேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். "நீ என்ன சொல்ற? சொல்லு, எழுதிக்கிறேன்."

"எழுதுவியா? எழுது பார்ப்போம். ஆர்லிஸ் பிரெக்கி வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எங்க பாஸ்டர் எங்களோட இருந்திருப்பார். போதுமா?"

ஆர்லிஸ் கடைசிச் சொல்வரை எழுதினாள். பிறகு குரல் நடுங்காமல் வாசித்துக் காட்டினாள்.

"சரியா இருக்கா?"

வெர்னா அவளையே பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு."

"வியாழக்கிழமை வரும்," என்றாள் ஆர்லிஸ்.